உள்வளர் முடியும் லேசர் ஒளியும் – நம் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்



தோல் நோயைப் பற்றி எழுத ரயில்வே பொறியாளனுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் மருத்துவன் அல்லேன். டிப்ளமோ படித்து, தண்டவாளத்தோடும் சிக்னலோடும் காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன். ஆனால் லேசர் என்பது ஒளி. ஒளி எங்கே போகிறது, எதைச் சுடுகிறது, எவ்வளவு நேரத்தில் சூடு ஆறுகிறது என்பவை பௌதிகக் கணக்குகள். அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால், மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும், எந்தக் கடையின் வாசலை மிதிக்கக் கூடாது என்பது தானே விளங்கும். அதுவே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் நம் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, நந்திதுர்க்கிலும் சாம்பியன் ரீப்பிலும் மாரிக்குப்பத்திலும் உள்ள நம் பிள்ளைகள் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூர் போய் வேலை செய்து இரவு வீடு திரும்புகிறார்கள். பையன்கள் பலருக்குப் பாதுகாவலர் வேலை, ஓட்டல் வேலை, போலீஸ் வேலை. தினமும் மழுமழுவென்று சவரம் செய்துகொண்டு நிற்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு அலுவலகம், கடைகள். வீட்டிலோ கல்யாணப் பேச்சு. பெங்களூரில் ரயிலை விட்டு இறங்கினால் "முடியை நிரந்தரமாக நீக்குகிறோம், பரு மறையும், தவணையில் பணம் கட்டலாம்" என்று விளம்பரப் பலகை. முதல் சம்பளம் அங்கே போகிறது. சில வேளைகளில் முகத்தோலும் அதோடு போய்விடுகிறது.

உள்வளர் முடி என்பது யாது?

சவரம் செய்த இரண்டு மூன்று நாளில் கழுத்திலும் தாடைக்குக் கீழும் சிவந்தும் கறுத்தும் சிறு சிறு பொரிகள் எழும்பும். தொட்டால் வலிக்கும், சிலவற்றில் சீழும் இருக்கும். பெண்களுக்கு வேக்ஸிங் செய்த கால்களிலும், அக்குளிலும், நூல் போட்டு முடி எடுத்த தாடையிலும் இதே பொரிகள் வரும். நம்மில் பலர் இதைப் "பரு" என்றும் "சவர அலர்ஜி" என்றும் சொல்லி விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் இவை பரு அல்ல. வெளியே வரவேண்டிய முடி உள்ளேயே குத்திக்கொண்டதால் வந்த புண்கள்.

இது இரண்டு வழியில் நேருகிறது. முதல் வழி: முடி தோலுக்கு வெளியே வந்து, சுருண்டு வளைந்து, பக்கத்துத் தோலில் மீண்டும் குத்தி இறங்குகிறது. இரண்டாம் வழி: முடி வெளியே வருவதற்கு முன்பே மயிர்க்காலின் பக்கச் சுவரைக் குத்திக்கொண்டு தோலுக்குள் புகுகிறது. தோலை இழுத்துப் பிடித்து, முடி வளரும் திசைக்கு எதிராக, இரண்டு மூன்று பிளேடு கொண்ட ரேசரால் ஒட்டச் சவரம் செய்தால் இரண்டாம் வழிக்கு நாமே கதவைத் திறந்து விடுகிறோம். முடி இழுபட்டு வெட்டப்படுகிறது. பிறகு தோல் தளர்ந்ததும் வெட்டிய நுனி தோலுக்குக் கீழே போய்விடுகிறது. நுனியோ சாய்வாகச் சீவிய மூங்கில் போலக் கூர்மையாக இருக்கிறது. அது வளரும்போது பாதை மாறிக் குத்துகிறது.

உடம்புக்குத் தன் முடி, பிறர் முடி என்ற வேற்றுமை தெரியாது. தோலுக்குள் புகுந்தது முள்ளோ முடியோ, அதை அந்நியப் பொருளாகவே கருதி வெள்ளணுக்களை அனுப்பும். வீக்கம், சீழ், அரிப்பு எல்லாம் அந்தப் போரின் அடையாளங்கள். போர் முடிந்த பிறகும் நம்மைப் போன்ற மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் கறுப்புத் தழும்பு பல மாதம் நிற்கும். சிலருக்குத் தழும்பு தடித்து வளர்ந்து "கீலாய்டு" ஆகிவிடும்.

முடி எவ்வளவு சுருட்டையோ அவ்வளவு தொல்லை அதிகம். ஆகவே ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களிடம் இது மிகுதி. அமெரிக்க ராணுவத்தில் கறுப்பினச் சிப்பாய்களுக்கு இது பெரும் பிரச்சினை. நச்சுவாயு முகமூடி முகத்தில் ஒட்டி உட்கார வேண்டும் என்பதற்காகச் சவரம் கட்டாயம். சவரம் செய்தால் முகமெல்லாம் புண். "இவருக்குச் சவரத்தில் விலக்கு" என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கும் வழக்கம் அங்கே வந்தது. நம்மவர்களில் சுருட்டை முடிக்காரர்கள் நிறைய உண்டு. எனவே இது நமக்கும் உரிய செய்தியே.

ஜீப் நோய்

உள்ளே போகும் முடி முகத்தோடு நிற்பதில்லை. முதுகெலும்பின் அடியில், பிட்டத்தின் பிளவுக்கு மேலே, முடி தோலைத் துளைத்து உள்ளே சென்று சீழ்ப்பை உண்டாக்கும் நோய் ஒன்று உண்டு. "முடிக்கூடு" என்று பொருள்படும் பெயரை 1880-ல் ஹாட்ஜஸ் என்ற அமெரிக்க மருத்துவர் அதற்கு இட்டார். ஜான் டெய்லர் கம்பெனி நம் ஊரில் தங்கம் தோண்ட வந்ததும் அதே 1880-ல்தான்.

இரண்டாம் உலகப் போரில் ஜீப்பில் குலுங்கிக் குலுங்கிப் பயணம் செய்த அமெரிக்கச் சிப்பாய்களில் 75,000 பேருக்கும் மேல் இந்த நோயால் மருத்துவமனையில் படுத்தார்கள். ஆகவே 1944-ல் இதற்கு "ஜீப் நோய்" என்று ஒரு பெயர் வந்தது. நாள் முழுதும் உட்கார்ந்து ஓட்டும் லாரி டிரைவருக்கும், ஆட்டோ ஓட்டுநருக்கும், கணினி முன் அமரும் இளைஞருக்கும் இது வரலாம். முடி திருத்தும் தொழிலாளர்களுக்கோ விரல்களின் இடுக்கில் வாடிக்கையாளரின் வெட்டுமுடி குத்தி இறங்கி, இதே நோய் கையில் வருவதுண்டு. நமக்குச் சவரம் செய்பவரின் கையையும் ஒருமுறை கவனித்துப் பாருங்கள். கடை மூடும்போது விரலிடுக்கைச் சோப்புப் போட்டு நன்கு கழுவித் துடைக்கச் சொல்லுங்கள்.

லேசர் எப்படி வேலை செய்கிறது?

இதற்கு நம் ஊர் உதாரணமே போதும். தங்கம் எடுத்த நாட்களில் ஒரு டன் பாறைக்குள் இருந்தது சில கிராம் தங்கம். பாறையை மாவாக அரைத்து அதில் சயனைடு கரைசலைச் செலுத்தினார்கள். சயனைடு தங்கத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். கல் மாவை விட்டுவிடும். அப்படி விடப்பட்ட மாவுதான் இன்றும் நம் கண் முன்னே மலை மலையாக நிற்கும் சயனைடு மேடு. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துத் தாக்கி, அக்கம்பக்கத்தை விட்டுவிடுவதே அதன் தந்திரம்.

லேசர் முடிநீக்கமும் அதே தந்திரம். இங்கே "தங்கம்" என்பது முடியில் இருக்கும் மெலனின் என்ற கருநிறமி. குறிப்பிட்ட நிற ஒளியை மெலனின் உறிஞ்சும். தண்ணீரும் மற்றத் திசுக்களும் அவ்வளவாக உறிஞ்சா. உறிஞ்சிய ஒளி சூடாக மாறி, முடியின் வழியாக மயிர்க்காலுக்குப் பரவி, முடியை வளர்க்கும் உயிரணுக்களைப் பொசுக்குகிறது. முட்டையின் வெள்ளைக்கரு சுமார் 60 டிகிரிக்கு மேல் கெட்டியாவது போல, அந்தச் சூட்டில் புரதங்கள் உறைந்துவிடும். இந்தக் கொள்கையை 1983-ல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் வகுத்துச் சொன்னார்கள். முதல் லேசர் கருவியை 1960-ல் மைமன் செய்து காட்டினார். அது மாணிக்கக் கல்லால் ஆனது. முடி நீக்க லேசர் கருவிக்கு அமெரிக்க அரசு முதலில் அனுமதி தந்தது 1995-ல்.

ஆனால் நமக்கு இங்கேதான் சிக்கல். மெலனின் முடியில் மட்டும் இல்லை. நம் தோலிலும் இருக்கிறது. வெள்ளைக்காரரின் வெளுத்த தோலில் கறுத்த முடி இருந்தால் ஒளிக்குக் குழப்பம் இல்லை. நேராக முடியைப் பிடிக்கும். நம் தோலில் பட்டால், முடியை அடையும் முன்பே மேல்தோலின் மெலனின் பாதியை விழுங்கித் தானே சூடாகும். விளைவு: கொப்புளம், கறுப்புத் திட்டு அல்லது வெள்ளைத் திட்டு. தோல் நிறத்தை வகைப்படுத்தி 1975-ல் ஃபிட்ஸ்பாட்ரிக் வகுத்த அட்டவணை கூடத் தொடக்கத்தில் வெள்ளைத் தோலுக்கு மட்டுமே. பழுப்புக்கும் கறுப்புக்கும் உரிய ஐந்தாம், ஆறாம் வகைகள் பிறகுதான் சேர்க்கப்பட்டன. பிறருக்குத் தைத்த சட்டையை நாம் அப்படியே மாட்டிக்கொள்ள முடியாது என்பதற்கு இதுவே சான்று.

எந்த அலைநீளம்?

ஒளியின் அலைநீளத்தை நானோமீட்டரில் சொல்வார்கள். முடி நீக்கப் பயன்படுபவை இவை: மாணிக்க லேசர் 694, அலெக்ஸாண்ட்ரைட் 755, டயோடு ஏறத்தாழ 800 முதல் 810, என்டி-யாக் 1064. எண் கூடக்கூட மெலனின் அதை உறிஞ்சுவது குறையும். தோலுக்குள் ஒளி ஆழமாக இறங்கும்.

நம் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் 1965-ல் டாட்டா ஆராய்ச்சிக் கழகமும், ஜப்பானின் ஒசாகாவும், இங்கிலாந்தின் டர்ஹாமும் சேர்ந்து இரண்டு கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் கருவி வைத்து நியூட்ரினோவைப் பிடித்தது நினைவிருக்கும். மற்றத் துகள்களை எல்லாம் மேலே உள்ள பாறையே தடுத்துவிட்டது. பாறையோடு ஒட்டாத நியூட்ரினோ மட்டும் கீழே இறங்கி வந்தது. 1064 ஒளியும் ஓரளவு அப்படித்தான். மேல்தோலில் அதிகம் சிக்காமல் கடந்து, ஆழத்தில் இருக்கும் கனத்த முடியைச் சென்று சேர்கிறது. ஆகவே கருத்த தோலுக்கு நீண்ட துடிப்புடைய என்டி-யாக் லேசரே மிகவும் பாதுகாப்பானது என்பது தோல் மருத்துவர்களின் கருத்து. இதற்கு விலையும் உண்டு: மெலனின் குறைவாக உறிஞ்சுவதால் கூடுதல் சக்தி செலுத்த வேண்டும், வலி சற்று அதிகம், மெல்லிய முடியை இது அவ்வளவாகப் பிடிக்காது. மாநிறத்தவருக்கு டயோடு லேசரையும் அனுபவமுள்ள மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

"ஐ.பி.எல்." என்று சொல்லி விற்கப்படுவது லேசர் அல்ல. அது பல நிற ஒளியை ஒருசேர அடிக்கும் பளிச்சிடும் விளக்கு. கருத்த தோலை அது சுடும் வாய்ப்பு அதிகம். வீட்டில் தானே போட்டுக்கொள்ளும் கருவிகளில் பெரும்பாலானவை இந்த வகையே. பெட்டியோடு வரும் தோல் நிற அட்டவணையைப் பாருங்கள். கருநிறத்துக்கு நேரே பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். அதைப் படிக்காமலே வாங்குகிறோம்.

ஒரு சிறு கணக்கு

30 ஜூல் சக்தியை ஒரு சதுர சென்டிமீட்டரில் 30 மில்லி விநாடியில் செலுத்துவதாக வைத்துக்கொள்வோம். 30-ஐ 0.03-ஆல் வகுத்தால் 1000 வாட். உச்சி வெயில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குத் தருவது சுமார் 0.1 வாட். அதாவது அந்த நொடியின் சிறு பகுதியில் தோலின் மேல் விழுவது பத்தாயிரம் உச்சி வெயில்! இதை இயக்குபவர் இரண்டு நாள் பயிற்சி பெற்றவரா, படித்த மருத்துவரா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

பத்தாயிரம் வெயில் விழுந்தும் தோல் ஏன் வெந்துபோவதில்லை? நேரம்தான் காரணம். டம்ளரில் ஊற்றிய காப்பி சீக்கிரம் ஆறும். கல்யாண வீட்டு அண்டாவில் இருக்கும் சாம்பார் ஆறாது. ஒரு பொருளின் தடிமன் இரண்டு மடங்கானால் சூடு ஆற நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். மேல்தோல் மெல்லியது, சில மில்லி விநாடியில் ஆறிவிடும். மயிர்க்கால் தடித்தது, பல பத்து மில்லி விநாடி பிடிக்கும். ஆகவே ஒளித் துடிப்பைச் சற்று நீட்டி அடித்தால், மேல்தோல் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். மயிர்க்கால் சூட்டைச் சேர்த்துக்கொண்டே போகும். இதோடு தோலின் மேல் குளிர்ச்சி தரும் முனையோ குளிர்காற்றோ வேண்டும். குளிரூட்டும் வசதி இல்லாத கருவியின் அருகே போகாதீர்கள்.

உள்வளர் முடிக்கு இதனால் என்ன பயன்?

என் பேரன் பெங்களூரில் பாதுகாவலர் வேலைக்குப் போகிறான். கழுத்தெல்லாம் பொரிகள். "தாத்தா, லேசர் போட்டா ஒரேயடியா போயிடுமாமே?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலையே இங்கும் எழுதுகிறேன்.

பொரி வருவதற்கு மூலம் முடி. முடியே இல்லாவிட்டால் பொரி இல்லை. லேசர் முடியின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. அதோடு, தப்பிப் பிழைத்து வளரும் முடி மெலிந்து வளர்கிறது. இரண்டாவது செய்தி மிக முக்கியம். ஒரு கம்பியின் வளையாத விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. முடியின் தடிமன் பாதியானால் விறைப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும். விறைப்பு இழந்த முடி தோலைக் குத்த முயன்றால் தானே மடங்கிவிடும். ஆகவே முடி முழுவதும் போகாவிட்டாலும் பொரிகள் நன்றாகக் குறைகின்றன. கருத்த தோலுடையவர்களின் சவரப் பொரிகளுக்கு 1064 லேசரால் நன்மை உண்டு என்பதை 2002-ல் அமெரிக்க ராணுவ மருத்துவர்களை உள்ளிட்ட குழு ஆய்ந்து வெளியிட்டது.

முன்பு சொன்ன ஜீப் நோய்க்கும் இது உதவுகிறது. 2023-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இந்த நோய் கண்ட 11 முதல் 21 வயதுக்காரர்கள் ஏறத்தாழ 300 பேரை இரு பிரிவாக்கினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் ஓராண்டுக்குள் நூற்றுக்கு 33 பேருக்கு நோய் திரும்பியது. கூடவே லேசரால் முடி நீக்கியவர்களில் நூற்றுக்கு 10 பேருக்கே திரும்பியது.

இனி, "ஒரேயடியாகப் போகுமா?" என்ற கேள்வி. போகாது. அமெரிக்க அரசு இக்கருவிகளுக்கு அளித்த சொல்லே "நிரந்தரக் குறைப்பு" என்பதுதான். நிரந்தர நீக்கம் அன்று. ஒரே முறையிலும் முடியாது. முடிக்கு வளரும் பருவம், ஓயும் பருவம், உதிரும் பருவம் என்று உண்டு. வளரும் பருவத்தில் இருப்பது மட்டுமே லேசரிடம் சரியாகச் சிக்கும். மாரிக்குப்பம் நிலையத்தில் இன்று பிளாட்பாரத்தில் நிற்கும் பெட்டிகளை மட்டுமே இன்று பரிசோதிக்க முடியும். வழியில் இருப்பவை வந்து நின்ற பிறகுதான் பார்க்க முடியும். அதுபோல முகத்துக்கு நான்கு முதல் ஆறு வாரம், உடம்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி விட்டு, ஆறு முதல் எட்டு முறை வரை செய்ய வேண்டியிருக்கும். பிறகும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை தேவைப்படலாம். ஆகவே ஒரு தடவைக்கு எவ்வளவு என்று கேட்காமல், மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள்.

நரைத்த முடியில் மெலனின் இல்லை. எனவே என் தாடியில் எத்தனை முறை லேசர் அடித்தாலும் பயன் இல்லை. நரைமுடியையும் நீக்குவோம் என்று எவராவது சொன்னால், அவருடைய மற்ற வாக்குறுதிகளையும் அதே தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள்.

பணம் செலவழிக்கும் முன்

லேசர் முதல் படி அன்று. முதலில் செலவில்லாத வழிகளைப் பாருங்கள்.

1. பொரிகள் அதிகமாக இருக்கும்போது மூன்று நான்கு வாரம் சவரத்தை நிறுத்துங்கள். முடி சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்ததும் தன் விறைப்பாலேயே வில் போல நிமிர்ந்து, குத்தியிருந்த நுனி வெளியே வந்துவிடும். வேலையிடத்தில் அனுமதி வேண்டுமானால் மருத்துவரிடம் சான்றிதழ் கேளுங்கள்.

2. ஒட்டச் சவரம் வேண்டாம். டிரிம்மரால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். பலருக்கு இதுவே போதும்.

3. ரேசர்தான் வேண்டுமென்றால் ஒற்றைப் பிளேடு. வெந்நீரில் முகத்தை நன்றாக நனைத்து, முடி வளரும் திசையிலேயே, தோலை இழுக்காமல் செய்யுங்கள். ஒரே இடத்தில் மறுபடி மறுபடி ஓட்டாதீர்கள்.

4. ஊசியாலும் இடுக்கியாலும் முடியைப் பிடுங்காதீர்கள். சுருண்டு வெளியே தெரியும் வளையத்தை மட்டும் மெல்ல நிமிர்த்தி விடலாம்.

5. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை முகத்தில் தடவாதீர்கள். முதலில் அடங்குவது போல் இருக்கும்; நாளடைவில் தோல் மெலியும், பரு எழும்பும், முகத்தில் முடி கூடும்.

என் பேரன் இரண்டாவது வழியிலேயே நிற்கிறான். பொரிகள் முக்கால் பங்கு அடங்கிவிட்டன. லேசருக்கென்று எடுத்து வைத்த பணம் அவன் தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போயிற்று.

பெண் பிள்ளைகளைப் பற்றி

தாடையிலும் மேலுதட்டிலும் கனத்த முடி திடீரென்று வளர்ந்தாலோ, மாதவிடாய் ஒழுங்கின்றி வந்தாலோ, அது தோல் விஷயம் மட்டும் அல்ல; ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். சினைப்பையில் நீர்க்கட்டி என்று பரவலாகச் சொல்லப்படும் நிலை இன்று நம் பெண்களிடம் சாதாரணமாகக் காணப்படுகிறது. மூலத்தைப் பார்க்காமல் லேசர் மட்டும் போட்டால், நீக்கிய இடத்தில் புது முடி கிளம்பிக்கொண்டே இருக்கும். மேலும் சிலருக்கு, குறிப்பாக நம் போன்ற நிறமுடைய பெண்களுக்கு, முகத்திலும் கழுத்திலும் லேசர் பட்ட இடத்தைச் சுற்றி முடி முன்னிலும் அதிகமாக வளர்வதும் உண்டு. இதை முன்கூட்டியே சொல்லும் மருத்துவரே நல்ல மருத்துவர்.

எங்கள் உறவில் ஒரு பெண். நிச்சயதார்த்தத்துக்கு மூன்று வாரம் இருக்கையில், வீட்டாரின் அவசரத்தால் ஒரு பார்லரில் போய் முகத்துக்கு "லேசர்" போட்டுக்கொண்டாள். கருவியின் பெயரைக் கூட யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. மறுநாள் இரு தாடையிலும் சதுரம் சதுரமாகத் தீய்ந்த அடையாளம். கறுப்பு மறைய எட்டு மாதம் ஆயிற்று. நிச்சயம் நின்றுபோகவில்லை, மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். ஆனால் அந்த எட்டு மாதமும் அவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டே ரயிலேறினாள். அவளைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் தாடையைப் பார்த்தார்கள். தாய்மார்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: மேலுதட்டில் நாலு முடி இருப்பது நோயும் அன்று, குறையும் அன்று. எடுக்க வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டியது அந்தப் பெண். தேதி குறிக்க வேண்டியது மருத்துவர். கல்யாண நாள்காட்டி அல்ல.

செய்வதென்று முடிவானால்

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: கருவி எந்த வகை, அலைநீளம் என்ன? இயக்குபவர் யார்? என் நிறத்தோலில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? முதலில் சிறு இடத்தில் அடித்துப் பார்த்து, இரண்டு நாளேனும் கழித்துத் தொடர்வீர்களா? தயக்கமின்றி விடை வந்தால் நல்லது. "அதெல்லாம் உங்களுக்கு எதற்கு?" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை: நான்கு வாரத்துக்கு முன்பிருந்தே வேக்ஸிங், நூல் போடுதல், பிடுங்குதல் எதுவும் கூடாது. வேரில் முடி இருந்தால்தான் ஒளிக்கு இலக்கு இருக்கும். முதல் நாள் சவரம் செய்யலாம். வெயிலில் கறுத்திருந்தால் தள்ளிப் போடுங்கள். கருவுற்றிருந்தாலோ, கீலாய்டுத் தழும்பு வரும் உடம்பாக இருந்தாலோ, பருவுக்கு மாத்திரை சாப்பிட்டுக் கொண்டிருந்தாலோ முன்பே சொல்லுங்கள். பச்சை குத்திய இடத்திலும் மச்சத்தின் மேலும் அடிக்கக் கூடாது; பச்சையின் மையும் ஒளியை உறிஞ்சிச் சுடும்.

1064 ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விழித்திரையை எரித்துவிடும். ஆகவே அறையில் உள்ள அனைவருக்கும் உரிய கண்ணாடி கட்டாயம். இமைக்கு அருகில் செய்யவே கூடாது.

மரத்துப்போகும் களிம்பை உடம்பின் பெரும்பகுதியில் பூசி, பிளாஸ்டிக் தாளால் சுற்றி வைப்பது உயிருக்கே ஆபத்து. இவ்வாறு செய்துகொண்ட இரு இளம்பெண்கள் இறந்ததை அடுத்து, 2007-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பொதுமக்களை எச்சரித்தது.

செய்த பிறகு மயிர்க்காலைச் சுற்றிச் சிவந்து, ஓரிரு நாள் லேசாக வீங்கியிருப்பது இயல்பு. கருகிய முடி இரண்டு வாரத்தில் தானே உதிரும். கொப்புளமோ, தோல் உரிவதோ, ஆறாத எரிச்சலோ இயல்பல்ல. உடனே மருத்துவரைப் பாருங்கள். வெயிலிலிருந்து முகத்தைக் காத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் விக்டோரியா, பௌரிங் ஆகிய அரசு மருத்துவமனைகளில் தோல் மருத்துவப் பிரிவு உண்டு. நம் ரயிலில் போய்க் கண்டோன்மென்ட்டில் இறங்கினால் பௌரிங் அதிக தூரமில்லை. லேசர் போட வேண்டுமா, வேண்டாமா என்பதை முதலில் அங்கே காட்டிக் கேட்டுவிடுங்கள். ஒரு காலைப்பொழுது செலவாகும். ஆனால் அதைச் சொல்பவருக்கு உங்களிடம் விற்க வேண்டிய சரக்கு எதுவும் இல்லை.

தண்டவாளம் போட்டவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். எந்தக் கருவியும் அதனதன் அளவுக்குள் ஓடும்வரை நல்ல வேலைக்காரன்; அளவு தெரியாதவர் கையில் விபத்து. ஒளிக்கும் அதுவே விதி. ஐயமுள்ள வாசகர்கள் மாதக் கூட்டத்தில் கேட்டால், எனக்குத் தெரிந்த பௌதிகத்தை விளக்கிச் சொல்லக் காத்திருக்கிறேன். மருந்தை மட்டும் மருத்துவரிடமே கேளுங்கள்.